ஆறு ஏறாத மேடு

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், வழியில் கிடக்கும் கயிற்றுக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றுக்குப் பயம். நான் பிறந்தது வரதராசன்பேட்டை. செம்மண்ணும் கம்பங்கொல்லையும் பார்த்து வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்டவனுக்கு யுத்த காலத்தில் வாய்த்தது ஆறுகளின் பின்னாலேயே அலைகிற வேலை. கடவுளுக்கும் கேலி பண்ணத் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் ஆபீசருக்குப் படம் வரைந்து கொடுக்க வேண்டும். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார். மண்ணுக்கடியில் பழைய ஊர்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தோண்டாமலே சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "தோண்டிப் பாத்துச் சொல்ல நாமெதுக்கு? அதுக்குப் பெருச்சாளி போதும்" என்பார். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சீமையை அதற்காகத் தேர்ந்தெடுத்திருந்தார். கோடையில் பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூரில் இருந்தோம். மழை பெய்தால் மண் கழுவப்பட்டுப் பழைய பானை ஓடுகள் மேலே தெரியும் என்பதற்காக, ஐப்பசி பிறந்ததும் விக்கிரமங்கலத்துக்கு முகாமை மாற்றினார். நெல் கொட்டிவைக்கும் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தோம். அதில் எலியும் இருந்தது, எலிக்காகப் பாம்பும் வந்தது.

அவருடைய கணக்கு எளிமையானது. ஆறு எப்போதும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. புரண்டு புரண்டு படுக்கிற ஜாதி அது. விட்டுப்போன தடத்தில் குளங்கள் வரிசையாக நிற்கும். அங்கே கிணறு வெட்டினால் களிமண்ணுக்குக் கீழே ஆற்றுமணல் வரும். அந்தப் பழைய தடத்தின் ஓரத்தில், வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை மேடாகியிருக்கும். தண்ணீர் கிட்டவும் வேண்டும், வெள்ளம் எட்டவும் கூடாது என்று நினைத்த ஆதி மனிதன் அந்த மேட்டில்தான் குடிசை போட்டிருப்பான். அந்த இடங்களைச் சர்வே படத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்போம். பிறகு நேரில் போய்ப் பார்த்து, ஓடு கிடைத்தால் சிவப்பு மையால் வட்டம். கிடைக்காவிட்டால் ரப்பரால் அழித்துவிட்டு அன்று முழுவதும் என்மேல் எரிந்து விழுவார்.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. கணக்கப்பிள்ளைகளின் பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பேர் இருக்கும். பானைமேடு, சாம்பல்மேடு, ஓட்டாங்காடு, நத்தமேடு. நத்தம் என்றால் ஊரார் குடியிருக்கும் நிலம். குடியே இல்லாத ஒரு காட்டுக்கு நத்தமேடு என்று பேர் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் குடி இருந்தது என்றுதானே பொருள்? ஆபீசர் ஆற்றைப் பார்த்துக் குறி போட்டார். நான் பேரைப் பார்த்துக் குறி போட்டேன். என் குறிகள் அவருடையதைவிட அதிகம் பலித்தன. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பலித்த இடங்களுக்குப் போவதற்குள் உயிர் போய்விடும். பழைய ஊரை ஒட்டியே பழைய இடுகாடும் இருக்கும். அங்கே ஆள் உயரத் தாழிகள். இந்தப் பக்கத்தில் அவற்றை மதமதக்கா தாழி என்பார்கள். சாகாமல் சுருங்கிப்போன கிழங்களை உயிரோடு உள்ளே உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். ஆபீசர் தாழிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்ப்பார். நான் பத்தடி தள்ளி நின்று, படம் வரைவதாகப் பாவனை செய்துகொண்டு மாதாவின் 'அருள் நிறைந்த' மந்திரத்தை முணுமுணுப்பேன்.

அந்த ஐப்பசி முதல் வாரத்தில், கொள்ளிடக்கரைப் படத்தை டிரேசிங் துணியில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். குளங்களை நீல மையால் நிரப்பிக்கொண்டே வந்தபோது ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே என் கை நின்றது. நான்கு குளங்கள் அரிவாள் மாதிரி வளைந்து வரிசையாக இருந்தன. அந்த வளைவு ஒரு சிற்றூரின் தெற்குத் தெருவுக்குள் புகுந்து வெளியே போனது. அது என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். தெற்குத் தெருவில்தான் அவள் வீடு.

அக்கா படுத்துத் தூங்குவது பழைய ஆற்றின் படுகையில். ஆறு தன் பழைய படுக்கையைத் தேடிக்கொண்டு ஒரு நாள் வரும் என்று ஆபீசரே பலமுறை சொல்லியிருக்கிறார். மாமா பட்டாளத்தில் இருந்தார், எந்த நாட்டில் என்றுகூடத் தெரியாது. வீட்டில் அக்காவும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் கண் தெரியாத மாமியாரும் மட்டும்தான்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஊருக்குத் தெற்கே, தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவில், ஒரு நிலத்துக்கு நத்தமேடு என்று பேர் போட்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஆற்றோரத்து மேடு, அதன்மேல் பழைய ஊர். எத்தனையோ வெள்ளத்துக்குத் தப்பி நின்ற இடம். உடனே அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். நேரில் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கும் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குமாக அந்த ஊருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம்தான் தெரியுமே.

அன்றே ஒரு கார்டு எழுதினேன். வெள்ளம் என்று தமுக்கு அடித்தால் வீட்டில் இருக்காதே, மாமியாரையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நத்தமேட்டில் ஏறிவிடு, அது ஆறு ஏறாத மேடு, நான் படத்தில் பார்த்துவிட்டேன் என்று எழுதினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஊர் மாதா கோவிலில், சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லும் உபதேசியார் ஒருவர் இருந்தார். கடிதம் வந்தால் அவர்தான் படித்துச் சொல்வார். அவருக்கும் புரியட்டும் என்று 'ஆறு ஏறாத மேடு' என்பதற்குக் கீழே கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலையில் மழை ஓய்ந்தபோது தமுக்குக்காரன் வந்தான். மேலணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், கொள்ளிடத்தில் இரண்டு கரையும் நிரம்பி வருகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டு போனான். நான் கிடங்கு வாசலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டும் நடுங்காத ஒரே காலை அதுதான்.

எங்களுக்கு வண்டி ஓட்டும் விக்கிரமங்கலத்துக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அக்கா வூட்டு ஊர்ல தண்ணி வந்திருக்குமே?" என்றார்.

"வந்தா வரட்டும். அவங்க இந்நேரம் நத்தமேட்டுல ஏறியிருப்பாங்க."

"எந்த நத்தமேடு?"

"ஊருக்குத் தெக்க, ஆத்தோரமா."

அவர் சிரித்தார். "அந்த மேட்டையா சொல்றீங்க? அதுல பாதி என் வயல்ல கெடக்கு சார்."

"உங்க வயல்லயா?" என்றேன்.

"சண்டை வந்ததுலேருந்து புண்ணாக்கு கண்ணுல படல. நெல்லு போடு, நெல்லு போடுன்னு சர்க்கார் வேற சொல்லுது. நத்தத்து மண்ணு மாதிரி எரு உண்டா? பூரா சாம்பலும் எலும்பும். மூணு கோடையா சுத்துப்பட்டு வண்டி எல்லாம் அங்கதான் மண்ணடிச்சுது. ஆத்துப் பக்கம் மொத்தமும் வெட்டியாச்சு. ஊரப் பாத்த பக்கம் சொவரு மாதிரி கொஞ்சம் நிக்குது."

"ஊர்லேருந்து பாத்தா?"

"ஊர்லேருந்து பாத்தா மேடுதான். பேரும் மேடுதானே?"

"தண்ணி வந்தா என்ன ஆவும்?"

"சாம்ப மண்ணு சார். வெட்டின மொகத்துல தண்ணி பட்டா சக்கரையாக் கரையும்" என்றவர், அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அந்தச் சுரைக்காயைக் கார்டில் எழுதி, கீழே கோடும் போட்டு அனுப்பியிருந்தேன். சும்மா இருந்திருந்தால் அக்கா எப்போதும் போல வடக்கே சாலைப் பக்கம் ஓடியிருப்பாள். அவளை ஆற்றுக்கு நேரே, கரைகிற சுவர்மேல் ஏறி நிற்கச் சொன்னவன் நான்.

ஆபீசரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப அங்க போக முடியாது. தண்ணி வடியட்டும், சேர்ந்தே போகலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டேன். வண்டிக்காரரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

வழியில் மருதையாறு குறுக்கே கிடந்தது. கோடையில் கணுக்கால் நனையாமல் தாண்டலாம். அன்று கரைக்குக் கரை செம்மண் குழம்பாக ஓடியது. வேலிமுள்ளும் தென்னை மட்டையும் ஒரு செத்த ஆடும் மிதந்து போயின. அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். நானும் குந்தினேன். மதியம் வரைக்கும் தண்ணீர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான். மேட்டின் உச்சியில் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். காலடியில் மண் விரிசல் விடுகிறது. அவளோ தம்பி எழுதியிருக்கிறான் என்று அசையாமல் நிற்கிறாள்.

மதியத்துக்கு மேல் எருமை மேய்ப்பவர் ஒருவர் தன் மாடுகளை அக்கரைக்கு ஓட்ட வந்தார். வண்டிக்காரர் அவரிடம் பேசிவிட்டு வந்து, "சார், எருமை வாலைப் புடிச்சுக்கிட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஏன் நீந்துறீங்க? எருமை நீந்தும். வாலை மட்டும் வுட்டுடாதீங்க. காலை ஊணாதீங்க" என்றார் மேய்ப்பவர்.

பிடித்தேன். தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது கத்தினேன், கழுத்தைத் தொட்டபோது கத்தவும் வாய் வரவில்லை. ஆற்றின் நடுவில் அந்த எருமை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. இவனையும் நான் இழுக்க வேண்டுமா என்று அதற்கு எரிச்சலாக இருந்திருக்கும். வாலைப் பிடித்த கையை அக்கரையில் விரல் விரலாக வண்டிக்காரர்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதற்கப்பால் பாதை முழுக்கத் தண்ணீர். இருட்டுவதற்குள் நடக்க முடிந்த மட்டும் நடந்து, வழியில் ஒரு வீட்டில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம்.

ஊருக்கு வடக்கே சாலை கொஞ்சம் உயரம். அங்கே நின்று பார்த்தேன். தெற்குத் தெருவில் கூரைகளின் முகடு மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் ஆறு. நான் மேட்டைத் தேடினேன். படம் எனக்கு மனப்பாடம். கடைசிக் குளத்துக்கு நேர் தெற்கே, மூன்று பனைகளுக்கு மேற்கே இருக்க வேண்டும். குளம் இருந்த இடத்தில் தாமரை இலைகள் மிதந்தன. பனைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. அவற்றுக்கு மேற்கே ஒன்றுமே இல்லை. நான் குறி போட்ட இடத்தில் கொள்ளிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர் என்னவோ சொல்லி என்னைத் தூக்கப் பார்த்தார். எனக்குக் காதே கேட்கவில்லை. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாது. மற்ற பயமெல்லாம் எனக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இது நான் செய்ததைப் பற்றிய பயம்.

வண்டிக்காரர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். ஊர்ச் சனமெல்லாம் சாலையோரக் குடியிருப்பில், கருங்கல் தளம் போட்ட சின்னக் கோவிலில் இருக்கிறார்கள் என்றார். கோவிலுக்குள் ஓடினேன். பலிபீடத்துப் படியில் மாமியார் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் அக்கா. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

"கார்டு வந்துச்சா?" என்று கேட்டேன். வரவில்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

"வந்துச்சு தம்பி. உபதேசியார் ரெண்டு தரம் படிச்சாரு. நல்ல சேதியா இருக்கே, எல்லாருக்கும் ஆவும்னு சாயங்கால ஜெபம் முடிஞ்சு ஊருக்கே சொல்லிட்டாரு. தமுக்குச் சத்தம் கேட்டதும் தெருவே மேட்டுல ஏறிடுச்சு."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் அந்தப் பக்கம் பொத்து பொத்துன்னு மண்ணு விழுவுற சத்தம். எட்டிப் பாத்தா, வெட்டின பக்கத்துலேருந்து ஒரு மதமதக்கா தாழி வாயத் தொறந்துகிட்டு வெளிய வருது. உள்ள மண்டை ஓடு. அம்மாடின்னு பொம்பளைங்க எல்லாம் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எறங்கி ஓடியாந்துட்டோம். இடுப்பளவு தண்ணி. அதப் பத்தியே நெனப்பு இல்ல. பின்னாடியே ஆம்பளைங்களும் ஓடியாந்தாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறைய உண்டு. அன்று அரண்டு ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்கள்ல?"

"உபதேசியார் வரல. செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க, எறங்காதீங்க, இதான் ஆறு ஏறாத மேடு, தம்பி கோடு போட்டு எழுதியிருக்குன்னு கத்திக்கிட்டே நின்னாரு. கையில கார்டு வச்சிருந்தாரு. திரும்பிப் பாக்குறோம், மேட்டையே காணும்."

நான் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஆபீசர் வந்தார். மேடு இருந்த இடத்தில் மணலும், கறுப்பும் சிவப்புமாகப் பானையோடுகளும், தாழிகளின் அடிப்பாகங்களும் பரவிக் கிடந்தன. அவர் குனிந்து குனிந்து பொறுக்கினார். "நீங்க போட்ட குறி ஒரு கஜம்கூடத் தப்பல!" என்று என் தோளில் தட்டினார். நல்ல மனிதர்தான். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பயம்.

அடுத்த ஞாயிறு அந்தச் சாலையோரக் கோவிலில் உபதேசியாருக்காகப் பூசை வைத்தார்கள். நானும் போனேன். பூசை முடிந்து வெளியே வரும்போது, அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க" என்றேன்.

"ஊர்ல எல்லாரும் ஒரு பேச்சுப் பேசுறாங்க. படிச்ச புள்ள அப்படி எழுதியிருக்காது, இவருக்குத்தான் கண்ணு மங்கல், வேற என்னமோ எழுதினத நத்தமேடுன்னு தப்பாப் படிச்சு ஊரையே சாவக் குடுக்கப் பாத்தாருன்னு சொல்றாங்க. கார்டும் அவரோட போயிடுச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அவரு தப்பாவா படிச்சாரு?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலே போதும், நான் தப்பித்துவிடலாம். எதிரே ஊரே நின்றது. கழுத்தளவு மருதையாற்றில் எருமை வாலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

"இல்லைங்க" என்றேன். "அவரு சரியாத்தான் படிச்சாரு. நான்தான் அப்படி எழுதினேன். மேட்டைப் போய்ப் பாக்காமலே எழுதினேன்."

அந்த அம்மாள் என்னை அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நின்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. அவரு சரியாத்தான் படிச்சிருக்காரு."